விலைபோகாத காப்பீடு: முதுமைப் பராமரிப்பும் அமெரிக்க மக்களின் தயக்கமும்

கப்பலுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் காப்பீடு விற்ற நிறுவனங்கள் காலப்போக்கில் தமக்குரிய வாடிக்கையாளரைப் பெற்றுக்கொண்டன. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவில் தோன்றிய ஒருவகைக் காப்பீடு, அதன் தேவையை எவரும் மறுக்காதபோதும், பெரும்பாலான மக்களால் வாங்கப்படாமலேயே இருந்துவருகிறது. முதுமையிலும் தீராப் பிணியிலும் பிறர் கையை எதிர்பார்த்து வாழவேண்டிய காலத்துக்கான நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடே அது. மக்களின் அறியாமையும் முன்யோசனையின்மையுமே இதற்குக் காரணம் என்று காப்பீட்டுத் துறையினர் நெடுங்காலமாகச் சொல்லி வந்தனர். வரலாற்றை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, வாங்காதிருந்தவர்களின் தயக்கத்தில் பெரும்பகுதி நியாயமானது என்றே நமக்குத் தோன்றுகிறது.

இக்காப்பீடு மருத்துவச் செலவுக்கானது அன்று. 1963ஆம் ஆண்டில் சிட்னி கட்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர்தம் குழுவினரும் முதியோரின் இயலாமையை அளக்க ஓர் அளவுகோலை வெளியிட்டனர். குளித்தல், உடுத்தல், கழிப்பறைக்குச் செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து இடம் மாறுதல், மலசலத்தை அடக்கிக்கொள்ளுதல், உண்ணுதல் ஆகிய ஆறு அன்றாடச் செயல்களே அந்த அளவுகோல். இவற்றைத் தாமே செய்ய இயலாதவருக்கு வேண்டியது மருந்தைவிடவும் ஒரு மனிதரின் துணை. அத்துணைக்கு யார் கூலி கொடுப்பது என்பதே வழக்கு.

பழைய அமெரிக்காவில் ஆதரவற்ற முதியோரின் கடைசிப் புகலிடம் ஊராட்சிகள் நடத்திய ஏழையர் இல்லமாக இருந்தது. 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வறிய முதியோருக்கு உதவித்தொகை வழங்கியது. ஆனால் பொது நிலையங்களில் தங்கியிருப்போருக்கு அது கிடைக்காது என விதித்தது. ஏழையர் இல்லங்களை ஒழிப்பதே நோக்கம். விளைவோ, உதவித்தொகையை வாங்கிக்கொண்டு முதியோரைத் தங்கவைக்கும் தனியார் இல்லங்கள் பெருகியதுதான். பிறகு 1965 ஜூலை 30 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தால் மெடிகேர், மெடிகெய்டு என்னும் இரு திட்டங்கள் பிறந்தன. முன்னது 65 வயதைக் கடந்தோருக்கான மருத்துவக் காப்பீடு. மருத்துவமனைவாசத்துக்குப் பின் தேர்ந்த செவிலியர் பராமரிப்புக்கு அதிகபட்சம் 100 நாள்களே அது பொறுப்பேற்கும். வெறும் துணைப் பராமரிப்புக்குப் பணம் தராது. பின்னது வறியோருக்கானது. முதியோர் இல்லச் செலவை அது ஏற்கும். ஆனால் தம் சேமிப்பைக் கரைத்து ஏழையான பின்னரே ஒருவர் அதன் வாசலை அடைய முடியும். தனியொருவர் வைத்திருக்கத்தக்க சேமிப்பு பல மாநிலங்களில் நெடுங்காலமாக 2,000 டாலர் அளவிலேயே நின்றது. மெடிகேரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிய அமெரிக்கர் அன்றும் பலர், இன்றும் பலர்.

இவ்விரு திட்டங்களுக்கும் இடையிலிருந்த வெற்றிடத்தில்தான் தனியார் காப்பீடு புகுந்தது. தொடக்ககாலப் பத்திரங்கள் மிகக் குறுகியவை. குறைந்தது மூன்று நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு இல்லத்துக்குச் சென்றால்தான் பணம் கிடைக்கும் என்பது அவற்றின் பொதுவான நிபந்தனை. மறதி நோயால் மெல்ல மெல்லத் தளர்ந்த மூதாட்டி ஒருவர் மருத்துவமனைப் படியை மிதிக்காமலே இல்லம் சேரக்கூடும். அவருக்கு அப்பத்திரம் வெறுங்காகிதம். 1980களின் இறுதியில் மாநிலங்கள் இந்நிபந்தனையைத் தடைசெய்யத் தொடங்கின. அதற்குள் இக்காப்பீட்டின் மீது ஓர் ஐயம் படிந்துவிட்டது.

முதியோர் இதனைக் குறித்துக் கவலையற்றிருந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. 1988ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் பெருஞ்செலவு நோய்களுக்காக மெடிகேரை விரிவாக்கி, அதற்கான செலவை முதியோர் மீதே வரியாகச் சுமத்தியது. தாங்கள் அஞ்சிய நீண்டகாலப் பராமரிப்பு அதில் இல்லை என்று கண்ட முதியோர் கொதித்தெழுந்தனர். 1989 ஆகஸ்டில் சிகாகோ நகரில் அச்சட்டத்தை ஆதரித்த ரோஸ்டன்கோவ்ஸ்கி என்னும் செல்வாக்குமிக்க உறுப்பினரின் காரை அவர்கள் வழிமறித்துச் சூழ்ந்துகொண்டனர். அவ்வாண்டு முடிவதற்குள் சட்டம் நீக்கப்பட்டது.

1996ஆம் ஆண்டுச் சட்டமொன்று இக்காப்பீட்டுக்கு வரிச்சலுகை அளித்து, ஆறு செயல்களுள் இரண்டில் இயலாமையோ கடுமையான அறிவுத் தளர்ச்சியோ ஏற்பட்டால் பணம் தரவேண்டும் என்று வரையறுத்தது. நிறுவனங்கள் நூற்றுக்கு மேல் பெருகின. சந்தை மலரப்போகிறது என்று எல்லோரும் எதிர்பார்த்தனர். எனினும் 2000ஆம் ஆண்டளவில் முதியோரில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினரிடமே இப்பத்திரம் இருந்தது. மொத்தப் பராமரிப்புச் செலவில் தனியார் காப்பீடு ஏற்றதோ 4 விழுக்காடு அளவே.

நிறுவனங்களை வீழ்த்திய பிழையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அது மனித இயல்பைப் பற்றிய பிழை. ஒருவர் 60 வயதளவில் பத்திரம் வாங்கி 85 வயதில் பயன் கேட்கிறார். இடைப்பட்ட காலத்தில் ஆண்டுதோறும் நூற்றுக்கு நான்கைந்து பேர் தவணை கட்டுவதை நிறுத்திவிடுவர் என்று கணக்கர்கள் கருதினர். நிறுத்தியவருக்குப் பெரும்பாலும் எதுவும் திரும்பக் கிடைக்காது; அவர் கட்டிய பணம் மற்றவரின் செலவுக்கு உதவும். நடந்தது வேறு. நிறுத்தியவர் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரே. இக்காப்பீட்டை வாங்கிய சிலர் அதன் அருமையை உணர்ந்தே வாங்கியிருந்தனர், உயிர்போலப் பற்றிக்கொண்டனர். வாடிக்கையாளர் வாக்குத் தவறுவர் என்ற எதிர்பார்ப்பின் மேல் விலை வைக்கப்பட்டிருந்தது என்பதைப் படிக்கும்போது நமக்கு வியப்பாகவே இருக்கிறது. இதனோடு, எதிர்பார்த்ததைவிட நெடிய பராமரிப்புக் காலமும் வட்டி விகித வீழ்ச்சியும் சேர்ந்துகொண்டன.

பத்திரத்தில் இன்னொரு நுட்பமும் இருந்தது. தனியொருவரின் பத்திரத்தை நிறுவனம் ரத்து செய்யவோ, அவருக்கு மட்டும் தவணையை உயர்த்தவோ முடியாது. ஆனால் அவரைப் போன்ற ஒரு வகுப்பினர் அனைவருக்கும், மாநில அதிகாரியின் ஒப்புதலுடன், உயர்த்தலாம். ஏறாத விலை என்று எண்ணி வாங்கியவர்கள் ஓய்வூதியக் காலத்தில் உயர்வுக் கடிதங்களைப் பெற்றனர். கூட்டரசு தன் ஊழியருக்காக 2002ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டமே இதற்குச் சான்று. 2016ஆம் ஆண்டில் அதன் தவணை சராசரியாக 83 விழுக்காடும் சிலருக்கு 126 விழுக்காடு வரையும் ஏறியது. 2022 டிசம்பரில் புதிய விண்ணப்பங்கள் நிறுத்திவைக்கப்பட்டன.

இவ்விடத்தில் அரபுக் கல்லூரி மாணவர் நன்கறிந்த ஒரு சொல் நினைவுக்கு வருகிறது. விற்கப்படும் பொருளோ அதன் விலையோ தெளிவற்றிருக்கும் நிலையை ஃபிக்ஹு நூல்கள் 'கரர்' எனக் குறிப்பிடுகின்றன. காப்பீடு குறித்த சட்ட விவாதம் நெடியது. அதனுள் நாம் இங்கு நுழையவில்லை. ஆயினும், இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் கிடைக்கும் பொருளை, இடையில் மாறத்தக்க விலைக்கு, அதுவரை நிலைத்திருக்குமா என்று தெரியாத நிறுவனத்திடம் வாங்குமாறு கேட்கப்பட்ட அமெரிக்க முதியவர், அச்சொல்லை அறியாமலே அதன் பொருளை உணர்ந்திருந்தார் எனலாம்.

நிறுவனங்கள் நிலைக்கவும் இல்லை. மெட்லைஃப் 2010ஆம் ஆண்டில் புதிய விற்பனையை நிறுத்தியது. புரூடென்ஷியல் 2012ஆம் ஆண்டில் தனிநபர் விற்பனையைக் கைவிட்டது. பென்சில்வேனியாவின் பென் டிரீட்டி நிறுவனம் 2017 மார்ச்சில் கலைக்கப்பட்டபோது அதனிடம் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோரின் பத்திரங்கள் இருந்தன. மாநிலப் பொறுப்புறுதி நிதியங்கள் அவர்களை ஏற்றுக்கொண்டன. பல மாநிலங்களில் 300,000 டாலர் என்பது அதற்கு உச்சவரம்பு. 2018 ஜனவரியில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம், தான் முன்னரே விலகிவிட்டதாக உலகம் எண்ணியிருந்த இத்தொழிலின் பழைய பொறுப்புகளுக்காக ஏழாண்டுகளில் 15 பில்லியன் டாலர் ஒதுக்கவேண்டியிருக்கும் என்று அறிவித்தது.

மக்கள் மனநிலையை ஆராய்ந்த பொருளியலாளர்களும் அறியாமை என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடவில்லை. 1990ஆம் ஆண்டில் மார்க் பாலி என்பவர், வாங்காதிருப்பதும் அறிவார்ந்த முடிவாக இருக்கலாம் என்று வாதிட்டார். பராமரிப்புச் செலவைக் காப்பீடு ஏற்கும் என்றால், பிள்ளைகள் தம்மை எளிதாக இல்லத்தில் சேர்த்துவிடுவர் என்று பெற்றோர் அஞ்சக்கூடும் என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. குடும்பத்தின் நாடியறிந்த கூற்று இது. பின்னர் ஜெஃப்ரி பிரவுனும் ஏமி ஃபிங்கல்ஸ்டைனும் விலையை ஆராய்ந்தனர். 65 வயதில் வாங்குவோருக்கு, கட்டும் ஒவ்வொரு டாலரிலும் சராசரியாக 18 சென்ட் திரும்புவதில்லை; ஆண்களுக்கு 44 சென்ட். ஒரே விலையைச் செலுத்திய பெண்களோ, நீண்டகாலம் பராமரிப்புப் பெறுவதால், கட்டியதைவிடச் சற்று அதிகமாகவே பெற்றனர். அப்படியிருந்தும் பெண்கள் ஆண்களைவிட மிகுதியாக வாங்கிவிடவில்லை. எனவே விலை மட்டும் காரணமன்று. 2008ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட மற்றொரு கட்டுரை மெடிகெய்டைச் சுட்டியது. காப்பீட்டுப் பணம் முதலில் வரும், மெடிகெய்டு விலகிக்கொள்ளும். ஆகவே நடுத்தரக் குடும்பம் கட்டும் தவணையில் பெரும்பகுதி, அரசு எப்படியும் தந்திருக்கக்கூடியதையே விலைகொடுத்து வாங்குவதாகிறது. செல்வ வரிசையில் மூன்றில் இரு பகுதியினர் வாங்காமைக்கு இதுவொன்றே போதும் என்பது அவர்தம் முடிவு.

இதனைக் கண்ட பின்னரும் சட்டமியற்றியோர் விருப்பத்தின் பேரிலான திட்டத்தையே மீண்டும் நாடினர். எட்வர்டு கென்னடி பாடுபட்டு வலியுறுத்திய கிளாஸ் என்னும் பொதுக் காப்பீடு 2010ஆம் ஆண்டின் மருத்துவச் சீர்திருத்தச் சட்டத்தில் இடம்பெற்றது. யாரும் சேரலாம், யாரையும் நோயைக் காட்டி விலக்கக்கூடாது, அரசு மானியமும் இல்லை. அப்படியானால் நலிந்தோரே சேர்வர், தவணை ஏறும், நலமுள்ளோர் விலகுவர். ஒருவர்கூடச் சேருமுன்பே, 2011 அக்டோபரில் அரசு அதனைக் கைவிட்டது. 2013 ஜனவரியில் அது சட்டத்திலிருந்தும் நீக்கப்பட்டது.

பிற நாடுகள் 'வாங்குவாயா?' என்ற வினாவையே எடுத்துவிட்டன. நெதர்லாந்து 1968ஆம் ஆண்டிலேயே அதைச் செய்தது. ஜெர்மனியில் இருபதாண்டு விவாதத்துக்குப் பின் அமைச்சர் நோர்பர்ட் புளூம் கொணர்ந்த கட்டாயக் காப்பீடு 1995 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. முதலாளிகளின் பங்கை ஈடுகட்ட, சாக்சனி நீங்கலான மாநிலங்களில் ஒரு கிறித்தவ நோன்பு நாளின் பொதுவிடுமுறை நீக்கப்பட்டது! அங்கும் கட்டாயப் பகுதி முழுச்செலவை ஏற்பதில்லை. எஞ்சியதற்காக 2013 முதல் அரசு மானியத்தோடு விற்கப்பட்ட விருப்பக் காப்பீட்டைப் பெரும்பாலோர் திரும்பிப் பார்க்கவில்லை.

கட்டாயமான பின் விவாதம் வேறு திசையில் சென்றதையே நாம் முக்கியமாகக் கருதுகிறோம். வீட்டில் பெற்றோரைப் பேணும் குடும்பத்துக்குப் பணமாகவே பெறும் உரிமையை ஜெர்மனி அளித்தது. பெருவாரியான மக்கள் அதனைத் தேர்ந்தனர். ஜப்பானில் 2000 ஏப்ரலில் தொடங்கிய காப்பீட்டில் பணம் கொடுக்கப்படவில்லை. பணம் வந்தால் பணிச்சுமை மருமகளின் தலையிலேயே நிலைத்துவிடும் என்று ஹிகுச்சி கெய்கோ போன்ற பெண் சிந்தனையாளர்கள் எதிர்த்ததே அதற்கு ஒரு காரணம். ஆளுங்கட்சியின் கமெய் ஷிசுகா, பிள்ளைகள் பெற்றோரைப் பேணும் அழகிய மரபு கெடும் என்று எதிர்முனையிலிருந்து வாதிட்டார். அந்த இழுபறியில் முதியோரிடம் தவணை வசூலிப்பது ஆறு மாதம் தள்ளிவைக்கப்பட்டது.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலம் மட்டும் 2019ஆம் ஆண்டில் கட்டாய வழியில் இறங்கியது. ஊதியத்தில் 0.58 விழுக்காடு; வாழ்நாள் பயன் 36,500 டாலர். 2021 நவம்பருக்குள் தனியார் பத்திரம் வாங்கியவருக்கு விலக்கு உண்டு என்றதும், அரை நூற்றாண்டாக வாங்காத காப்பீட்டை வாங்க மக்கள் முண்டியடித்தனர். பல நிறுவனங்கள் அம்மாநிலத்தில் விற்பனையையே நிறுத்திவைக்க நேர்ந்தது. அவர்கள் விரும்பியது பராமரிப்பை அன்று, வரிவிலக்கை. ஊதியப் பிடித்தம் 2023 ஜூலையில் தொடங்கியது; பயன் வழங்குவதற்கு 2026 ஜூலை என நாள் குறிக்கப்பட்டது. இடையில், 2024 நவம்பரில், திட்டத்தை விருப்பத்துக்குரியதாக மாற்றும் முன்மொழிவு பொதுவாக்கெடுப்புக்கு வந்தது. மாநில மக்களில் பெரும்பான்மையினர் அதனை நிராகரித்தனர்.