இரு கட்சிகளும் இரு கரைகளும்

அமெரிக்காவில் தேர்தல் வரும்போதெல்லாம் எமது தமிழ்ப் பத்திரிகைகள் யானையையும் கழுதையையும் முதற்பக்கத்தில் போட்டுவிடும். யானை குடியரசுக் கட்சியின் அடையாளம், கழுதை ஜனநாயகக் கட்சியின் அடையாளம். உன்னிச்சைக் குளத்தை அண்டி வேளாண்மை செய்பவனுக்கு யானை என்றால் இரண்டு பொருள்தான் உண்டு. ஒன்று இரவில் வயலுக்குள் இறங்குவது. மற்றது ஐக்கிய தேசியக் கட்சி. கேலியாகத் தோன்றினாலும், வாக்காளன் ஒருவன் எவ்வாறு உருவாகிறான் என்ற வினாவின் வாசல் இதுதான். சின்னம் முதலில் மனத்தில் பதிகிறது. கொள்கை பின்னர் வந்து சேர்கிறது. சில வேளைகளில் வந்து சேராமலே போய்விடுகிறது.

1960 இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் நால்வர் 'அமெரிக்க வாக்காளன்' என்ற நூலை வெளியிட்டனர். வாக்காளர் கொள்கைகளை எடைபோட்டுக் கட்சியைத் தெரிவு செய்கிறார்கள் என்ற நம்பிக்கையை அந்நூல் பெரிதும் தளர்த்தியது. பெரும்பாலானோர் தமது கட்சியைத் தாய் தந்தையரிடமிருந்தே பெறுகிறார்கள். மதத்தைப் பெறுவதுபோல அதையும் சிறு வயதிலேயே பெற்று, அக்கட்சிக் கண்ணாடியூடாகவே பின்னர் கொள்கைகளையும் வேட்பாளர்களையும் பார்க்கிறார்கள். உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநில வெள்ளையர், லிங்கனின் கட்சி என்ற ஒரே காரணத்துக்காக ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் குடியரசுக் கட்சியை ஒதுக்கி வைத்தனர். அதே காரணத்துக்காக அக்கட்சியைப் பற்றி நின்ற கறுப்பின மக்கள் 1930களில் ரூஸ்வெல்ற் காலத்தில் மறுபக்கம் சாயத் தொடங்கினர். 1964 இன் குடியியல் உரிமைச் சட்டத்தின் பின் அந்த மாற்றம் முழுமை பெற்றது. தென்மாநில வெள்ளையரோ மெல்ல மெல்ல எதிர்த்திசையில் நகர்ந்தனர். பரம்பரைச் சொத்தான கட்சிப் பற்று எப்போது கைமாறும் என்பதற்கு இது நல்ல சான்று. உரிமை என்ற ஒன்று வாசலில் வந்து நிற்கும்போதுதான் அது மாறுகிறது.

அங்கு இரண்டு கட்சிகள் மட்டும் நிலைப்பது ஏன்? பிரெஞ்சு அறிஞர் மொரிஸ் டுவேர்ஜே 1951 இல் இதற்கொரு விடை சொன்னார். ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர், அதிக வாக்குப் பெற்றவரே வென்றவர் என்ற முறை இருக்குமிடத்தில் மூன்றாம் கட்சிக்கு இடும் வாக்கு வீணாகும் என்று மக்கள் அஞ்சுவர். ஆகவே களம் இரண்டாகச் சுருங்கும். விகிதாசார முறை இருக்குமிடத்தில் கட்சிகள் பெருகும். 1992 இல் றொஸ் பெறோ அமெரிக்க வாக்குகளில் ஏறத்தாழ 19 வீதத்தைப் பெற்றும், ஜனாதிபதியைத் தெரியும் தேர்வாளர் குழாத்தின் 538 வாக்குகளில் ஒன்றைக்கூடப் பெறவில்லை. 1860 இல் லிங்கன் வென்றது முதல் இன்றுவரை அவ்விரு கட்சிகளுக்கும் அப்பாற்பட்ட எவரும் வெள்ளை மாளிகைக்குத் தெரிவானதில்லை.

இந்த அளவுகோலை எமது வாவிக்கரைக்குக் கொண்டுவந்து பார்ப்போம்.

பெட்டியின் நிறமும் போடியாரின் சொல்லும்

1931 இல் டொனமூர் அரசியல் யாப்பு இலங்கையில் 21 வயது நிரம்பிய ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கியது. பிரித்தானியப் பெண்கள் ஆண்களுக்குச் சமமாக வாக்குரிமை பெற்று அப்போது மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் முழுச் சுயாட்சி கேட்டு அத்தேர்தலைப் பகிஷ்கரித்தது. வடக்கின் நான்கு ஆசனங்கள் வெறுமையாயின. மட்டக்களப்பு அவ்வாறு ஒதுங்கவில்லை. வடக்கும் கிழக்கும் ஒரே மொழி பேசினும் ஒரே அரசியல் நாட்குறிப்பில் இயங்கவில்லை என்பதற்கு இதுவே முதற் சான்று.

அக்காலத்தில் வேட்பாளருக்கு ஒரு நிறப் பெட்டி, எழுத்தறியாதவரும் நிறமறிவார். ஆனால் எந்த நிறம் என்பதைச் சொல்லிக் கொடுத்தவர் யார்? வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. பாடசாலையும் கச்சேரியும் கடைத்தெருவும் கிழக்கே. வயலும் குளமும் காடும் மேற்கே. படுவான்கரை நிலம் போடியாருடையது, உழைப்பு முல்லைக்காரனுடையது. விதைநெல்லும் கடனும் போடியாரிடமிருந்து வந்தன. வாக்கு யாருக்கு என்பதும் அவ்வழியே வந்தது. குடிமுறை, கோயில் வண்ணக்கர், கண்ணகை அம்மன் சடங்குக்குக் கூடும் கூட்டம் ஆகியவையே அன்றைய அரசியற் பள்ளிக்கூடங்கள். மிச்சிகன் அறிஞர் குடும்பம் என்றதை இங்கு குடி என்று வாசித்தால் கணக்குச் சரியாகிவிடும்.

இந்நிலையில் கட்சி என்பது பொருளற்றதாகவே இருந்தது. 1947 தேர்தலிலும் 1952 தேர்தலிலும் இப்பகுதியில் வென்றவர்களுட் பலர் தம் செல்வாக்கினால் வென்றவர்களேயன்றிக் கொள்கையினால் வென்றவர்களல்லர். மட்டக்களப்புத் தொகுதியே 1952 இல் சுயேச்சையாளர் ஒருவரைத் தெரிந்தனுப்பியது.

வீடு வந்த வரலாறு

1956 இல் அனைத்தும் மாறின. 1949 டிசம்பரில் தோன்றிய இலங்கைத் தமிழரசுக் கட்சி அதுவரை வடக்கிலேயே தடுமாறிக்கொண்டிருந்தது. தனிச் சிங்களச் சட்டம் என்ற முழக்கம் தெற்கில் எழுந்ததும் அக்கட்சி பத்து ஆசனங்களை வென்றது. மட்டக்களப்பில் 'சொல்லின் செல்வர்' செல்லையா இராசதுரை வென்றார். போடியார் குடும்பத்தின் பலத்தினாலன்றி மேடைப் பேச்சின் பலத்தினால் வந்தவர் அவர். அவ்வாண்டே கல்லோயாவில் தமிழர் மீது வன்முறை நடந்தது. 1961 இல் மாவட்டத்தின் தென்பாதி பிரிந்து அம்பாறை மாவட்டமாயிற்று. மொழியும் நிலமும் ஒருங்கே வாசலுக்கு வந்த அக்காலத்தில்தான் 'வீடு' என்ற சின்னம் படுவான்கரை மனத்தில் வேரூன்றியது.

இங்கு தவறிப்போன வாய்ப்பு ஒன்றையும் குறிப்பிட வேண்டும். பிலிப் குணவர்தன 1958 இல் கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்கு நிலத்திற் பாதுகாப்பளிக்க முனைந்தது. போடியாருக்கும் முல்லைக்காரனுக்கும் இடையிலான முரண்பாடு கட்சிகளாகப் பிரிந்திருப்பின், அமெரிக்கர் பேசும் இடதுசாரம் வலதுசாரம் என்ற பிரிவு இங்கும் முளைத்திருக்கக்கூடும். ஆயின் அச்சட்டத்தைக் கொண்டுவந்த அரசாங்கமே இரண்டாண்டுகளுக்கு முன் மொழியைப் பறித்த அரசாங்கமாகவும் இருந்தது. தன் மொழியை மதியாதவன் தரும் நிலத்தை எவ்வாறு நம்புவது? வர்க்கக் கோடு கட்சிக் கோடாகாமலே மங்கிப்போயிற்று.

தெற்கிலோ டுவேர்ஜே சொன்னபடியே நடந்தது. 1956, 1960, 1965, 1970, 1977 எனப் பச்சையும் நீலமும் மாறி மாறி ஆட்சிக்கு வந்தன. சிங்களக் கிராமங்களில் ஐக்கிய தேசியக் குடும்பம், சுதந்திரக் கட்சிக் குடும்பம் என்ற பிரிவு திருமணப் பேச்சுவரை சென்றது.

மட்டக்களப்பிலும் இரண்டு கட்சிதான். ஆனால் அந்த இரண்டு அல்ல. ஒன்று உரிமைக் கட்சி. மற்றது அரசோடு நிற்கும் கட்சி, அதாவது வீதியும் வேலையும் குளத்துக்கு அணையும் கொண்டுவருவேன் என்று சொல்லும் கட்சி. முன்னதன் பெயர் பெரும்பாலும் தமிழரசு. பின்னதன் பெயரோ ஆட்சிக்கேற்ப மாறும். கல்குடாவில் 1965 முதல் தொடர்ந்து வென்ற கே.டபிள்யூ. தேவநாயகம் ஐக்கிய தேசியக் கட்சிக்காரர்; 1977 அரசாங்கத்தில் நீதி அமைச்சரானவர். பட்டிருப்பு 1970 இல் அதே கட்சிக்குச் சென்று 1977 இல் தமிழர் விடுதலைக் கூட்டணிக்குத் திரும்பியது. மட்டக்களப்புத் தொகுதி 1960 முதல் இரட்டை அங்கத்தவர் தொகுதி; தமிழரும் முஸ்லிம்களும் தத்தமக்கு ஒருவரை அனுப்ப வழி செய்த ஏற்பாடு அது. அதனால் ஒரே தொகுதிக்குள் வெவ்வேறு போட்டிகள் நடந்தன.

1977 இல் விசித்திரமொன்று நிகழ்ந்தது. இராசதுரை கூட்டணியின் உதயசூரியனிலும் காசி ஆனந்தன் தமிழரசின் வீட்டிலுமாக ஒரே அணியின் இருவர் மோதினர். சூரியன் வென்றது, வீடு தோற்றது. ஈராண்டு செல்லுமுன் இராசதுரை அரச பக்கம் சென்று அமைச்சரானார். அப்படிக் கட்சி மாறுபவர் ஆசனம் இழக்காதிருக்க 1979 பெப்ரவரியில் அரசியலமைப்பே இரண்டாம் முறையாகத் திருத்தப்பட்டது. 1978 நவம்பர் சூறாவளி மாவட்டத்தைப் புரட்டிப்போட்டுச் சில மாதங்களே கடந்திருந்தன. கூரையிழந்தவன் முன் உரிமையையும் அபிவிருத்தியையும் வைத்து ஒன்றைத் தெரிந்தெடு என்பது எவ்வளவு கொடிய வினா என்பதை அன்றைய மட்டக்களப்பு அறிந்திருந்தது. 1982 ஜனாதிபதித் தேர்தலில் இம்மாவட்டம் ஜே.ஆர். ஜயவர்தனவை முதலிடத்திலும், சிறிய வித்தியாசத்தில் குமார் பொன்னம்பலத்தை இரண்டாமிடத்திலும் வைத்தது. இரு மனமும் ஏறத்தாழச் சம எடையில் நின்ற தேர்தல் அது.

பெட்டி வராத ஊர்கள்

1989 முதல் நாடாளுமன்றத் தேர்தல் விகிதாசார முறைக்கு மாறியது. மாவட்டத்துக்கு ஐந்து ஆசனங்கள். முதலிடம் பெறும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். வாக்காளனுக்கு மூன்று விருப்பு வாக்குகள். கட்சிகள் பெருகின. ஆயின் படுவான்கரைக்கு அக்காலம் வேறு விதமாக விடிந்தது. போர்க்காலத்தின் பெரும்பகுதியில் அது அரச கட்டுப்பாட்டுக்கு அப்பால் இருந்தது. வாக்குப் பெட்டி ஊருக்கு வரவில்லை; வாக்களிக்க விரும்பியவன் சோதனைச் சாவடி கடந்து மறுபுறம் செல்ல வேண்டியிருந்தது. 2001 டிசம்பர் 5 தேர்தல் நாளன்று வன்னியிலும் மட்டக்களப்பிலும் அவ்வழிகளை இராணுவம் மூடியது. அது அடிப்படை உரிமை மீறல் என்று 2003 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது; இழந்த வாக்கு வரவில்லை. அமெரிக்கத் தென்மாநிலக் கறுப்பினத்தவருக்கு 1870 இல் எழுத்தில் கிடைத்த வாக்குரிமை 1965 இல்தான் நடைமுறையிற் கிட்டியது என்பதை நாம் எங்கோ தொலைவில் நடந்த கதையாகப் படிக்க வேண்டியதில்லை.

2004 இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வீட்டுச் சின்னத்தில் ஐந்தில் நான்கு ஆசனங்களை வென்றது. சூரியனின் உரிமை பற்றிய பிணக்கினால் வீடு மீண்டும் வெளியே எடுக்கப்பட்டது. ஒரு தலைமுறை கடந்தும் மக்கள் அதனை அடையாளம் கண்டார்கள். 2007 இல் படுவான்கரை அரச படைகளின் கைக்கு வந்தது. இடம்பெயர்ந்தோர் முற்றாகத் திரும்பு முன்பே 2008 மார்ச்சில் உள்ளூராட்சித் தேர்தலும் மே மாதத்தில் மாகாண சபைத் தேர்தலும் நடந்தன. பிள்ளையான் எனப்படும் சிவநேசதுரை சந்திரகாந்தன் முதலமைச்சரானார். பழைய 'அரசோடு நிற்கும் கட்சி' புதிய பெயரோடும் கிழக்கின் தனித்துவம் என்ற புதிய முழக்கத்தோடும் எழுந்தது. 2020 இல் அவர் விளக்கமறியலில் இருந்தவாறே மாவட்டத்தின் அதிகூடிய விருப்பு வாக்குகளைப் பெற்றார்; இன்னோர் ஆசனம் பொதுஜன பெரமுனவுக்கும் சென்றது. அதே தேர்தலில் தமிழரசு சார்பில் தெரிவான இரா. சாணக்கியன், கட்சியின் மூத்த தலைவர் எஸ்.எம். இராசமாணிக்கத்தின் பேரன். அவரும் 2015 இல் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பில் போட்டியிட்டுத் தோற்ற பின்னரே பாட்டனாரின் வீட்டுக்குத் திரும்பினார். எம் மாவட்டத்தின் இரு கட்சி முறையை ஒரே குடும்பத்துள் காண வேண்டுமாயின் இதனைக் காணலாம்.

2024 சொன்னது என்ன?

2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 225 இல் 159 ஆசனங்களை வென்றது. பச்சையும் நீலமுமான பரம்பரைப் பற்று தெற்கில் கலைந்துபோயிற்று. யாழ்ப்பாணமும் வன்னியும் மலையகமும் அந்த அலையிற் சென்றன. 22 தேர்தல் மாவட்டங்களுள் அவ்வணி முதலிடம் பெறாதது மட்டக்களப்பு ஒன்றே. 1931 இல் வடக்கு ஒதுங்கியபோது ஒதுங்காத மாவட்டம், 2024 இல் வடக்கு சாய்ந்தபோது சாயவில்லை.

இதனைத் தமிழ்த் தேசியத்தின் மாறாத கோட்டை என்று கொண்டாடுவோர் எண்ணிக்கையையும் நோக்க வேண்டும். தமிழரசு பெற்றது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வாக்கு. ஐந்தில் மூன்று ஆசனங்களைத் தந்ததில் போனஸ் முறைக்கும் பங்குண்டு. மீதி மூன்றில் இரண்டு பங்கினர் வேறிடம் சென்றனர். அவர்களைத் துரோகிகள் என்பதும், வீட்டுக்கு இட்டவர்களைப் பழமைவாதிகள் என்பதும் ஒரே அறியாமையின் இரு முகங்கள்.

தாயிடமிருந்து பெற்ற வாக்கு இழிவானதன்று. 1956 இலும் 1990களிலும் இம்மக்கள் பட்டவற்றின் நினைவு அந்தச் சின்னத்துள் இருக்கிறது. ஆனால் கேளாமலே கிடைக்கும் வாக்கைக் கட்சிகள் மதிப்பதில்லை என்பதும் உலகறிந்த உண்மை. தமக்கே உரியவை என்று கட்சிகள் கருதும் மாநிலங்களில் அமெரிக்க வேட்பாளர்கள் பிரசாரத்துக்குக்கூட அதிகம் இறங்குவதில்லை. எங்களுக்கும் அது புதிதன்று. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாய்வழியே எழுவான்கரை நகருக்குச் செல்கிறது. குளத்தருகே வாழ்பவனுக்கோ யானை வேலியும் பஸ்ஸும் இன்னும் தேர்தல் வாக்குறுதிகளின் பட்டியலிலேயே உள்ளன.

உரிமையா அபிவிருத்தியா என்ற வினாவைப் படுவான்கரை விவசாயி தானாகக் கேட்டதில்லை. அவனுக்கு இரண்டும் வேண்டும். ஒரே நிலத்தில் வேண்டும். இரண்டையும் பிரித்து இரு கடைகளில் விற்றவர்கள் அரசியல்வாதிகள். அவ்விரு கடைகளையும் ஒன்றாக்கும்படி அடுத்த தலைமுறை கேட்குமாயின், சின்னம் வீடாக இருந்தாலென்ன, வேறெதுவாக இருந்தாலென்ன?