நெல் வாணிபமும் அரசியலமைப்பின் காவலும்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரை நெல் விளையும் நிலம். கிழக்கே எழுவான்கரை கடைத்தெருவும் துறையும் உடைய நிலம். வட்டையில் விளைந்த நெல் வாவியைக் கடந்து சந்தையை அடைந்தாலன்றிப் போடியாருக்கும் பயனில்லை. வயலில் உழைத்தோருக்கும் பயனில்லை. ஆகவே, நெல் செல்லும் வழியை அடைக்க அரசுக்கு எத்துணை அதிகாரம் உண்டு, அதற்கு எல்லை யாது என்னும் வினா நம் பகுதியார்க்குப் புறம்பானதன்று.

1942இல் பர்மா யப்பானியர் வசமாகவே, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அரசே நெல்லைக் கொள்முதல் செய்யலாயிற்று. பசிக் காலத்தில் பதுக்கலைத் தடுப்பது அரசின் கடமையே என்பதை எவரும் மறார். எனினும் போர் முடிந்த பின்னரும் அதிகாரம் சுருங்கவில்லை. 1950ஆம் ஆண்டின் உணவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதனை நிலைபெறச் செய்தது. அக்காலத்துச் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு இனங்களுக்கும் சமயங்களுக்கும் இடையே பாகுபாடு காட்டும் சட்டங்களைத் தடுத்ததேயன்றி, வாணிப உரிமை பற்றி யாதும் கூறவில்லை.

1971இல் நெற் சந்தைப்படுத்தல் சபைச் சட்டம் நிறைவேறியது. உலகச் சந்தையில் உணவு விலை உயர்ந்து, அந்நியச் செலாவணியும் அருகிய 1973, 1974ஆம் ஆண்டுகளில், தனியார் நெல்லும் அரிசியும் கொண்டு செல்வது கடுமையாகத் தடுக்கப்பட்டது. வீதிகளிற் சாவடிகள் எழுந்தன; பிரயாணிகளின் பைகளும் சோதிக்கப்பட்டன. 1972ஆம் ஆண்டின் குடியரசு அரசியலமைப்பு அடிப்படை உரிமைகளை எடுத்தோதிற்று. ஆயின் வாணிப உரிமை அவற்றுள் இடம்பெறவில்லை. இடம்பெற்ற உரிமைகளையும் தேசிய பொருளாதாரத்தின் பெயரால் மட்டுப்படுத்தலாம் என்றிருந்தது. எனவே சாவடியில் நெல்லை இழந்தவன் அரசியலமைப்பைக் காட்டி வழக்காட வழியிருக்கவில்லை.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு இக்குறையைப் பாதி நீக்கியது. உறுப்புரை 14(1)(எ) என வழங்கும் பகுதி, சட்டபூர்வமான தொழிலிலும் வாணிபத்திலும் ஈடுபடும் சுதந்திரத்தைக் குடிமக்களுக்கு அளித்தது. ஆனால் உறுப்புரை 15(5), தேசிய பொருளாதார நலன் கருதிச் சட்டத்தால் அதனை மட்டுப்படுத்தலாம் என்றது. அரசு ஒரு வாணிபத்தைத் தனியுரிமையாக நடத்தவும் இடமளித்தது. இந்திய அரசியலமைப்பின் உறுப்புரை 19(6) 'நியாயமான' கட்டுப்பாடுகளையே அனுமதிக்கின்றது. 'நியாயமான' என்னும் அவ்வொரு சொல் நம் உறுப்புரையில் இல்லை.

அச்சொல்லைக் கொண்ட நாட்டில் நீதிமன்றம் கட்டுப்பாட்டின் அளவையே எடைபோடுகின்றது. 1954இல் ராஜஸ்தான் தானியக் கட்டுப்பாட்டு ஆணை பற்றிய நாத்மல் வழக்கில், இருப்பை விற்காது நிறுத்திவைக்கும் அதிகாரம் செல்லும் என இந்திய உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அரசு தானே நிர்ணயிக்கும் விலைக்கு அதனை எடுத்துக்கொள்ளும் அதிகாரம் செல்லாது என்றது. தடுப்பது வேறு, பறிப்பது வேறு என்னும் எல்லை இவ்வாறு வரையப்பட்டது.

இவ்வினா பழங்கதையன்று. 2021 ஓகஸ்ட் 30இல் அவசரகால நிலை பிரகடனமாகி, உணவு இருப்புகளைக் கையேற்க அதிகாரம் வழங்கப்பட்டது. அரிசிக்கு விதித்த உச்ச விலை செப்ரெம்பர் இறுதியில் நீக்கப்பட்டது.

நம் குடிமகனுக்கு இன்று எஞ்சிய காவல் யாது? கட்டுப்பாடு வெறும் வாய்மொழி ஆணையாகாது சட்டத்தின் வழி வந்ததா, அனைவர்க்கும் சமமாகப் பிரயோகிக்கப்பட்டதா என்று உயர் நீதிமன்றத்தில் அவன் கேட்கலாம். உறுப்புரை 126இன்படி ஒரு மாதத்துள் கேட்டல் வேண்டும். நிறைவேறிய சட்டத்தின் செல்லுபடியையோ உறுப்புரை 80(3) காரணமாக வினவ முடியாது. ஆகலின் மசோதா பாராளுமன்றத்தில் இருக்கும் நாட்களே விழிப்பிற்குரிய நாட்கள். களவெட்டியில் நெல்லைக் காப்போர், அந்நாட்களையும் காத்தல் வேண்டும்.