தட்டு முதல் பைத்தான் வரை: கொடைக்கானல் சூரியத் தரவும் நிரல்மொழி மாற்றமும்

முன்னுரை

 பழனி மலையிலுள்ள கொடைக்கானலில் 2,343 மீட்டர் உயரத்தில் நிற்கிறது சூரிய ஆய்வகம். இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் பொறுப்பிலுள்ள இவ்வாய்வகம் நூறாண்டுக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்து வருகிறது. அப்படங்கள் இப்போது கணினிக் கோப்புகளாகிவிட்டன; ஆகவே அவற்றை அலசும் நிரல்களின் ஆயுளும் ஓர் ஆய்வுக் கேள்வியாகிவிட்டது. பல்லாண்டு உழைப்பில் எழுதி நிலைபெற்ற மென்பொருளை வேறு நிரல்மொழிக்கு மாற்றலாமா? மாற்றுவதானால் எப்போது, எந்த வரிசையில்? தரவின் தொடர்ச்சி கெடாதபடி துண்டு துண்டாக மாற்றுவதே தகும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

1. தட்டிலிருந்து எண்ணுக்கு

1876-78 பெரும் பஞ்சத்துக்குப் பின், சூரியக் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி ஆங்கில அரசிடம் வலுத்தது. சென்னை வானாய்வகத்தின் மிச்சி ஸ்மித் தேர்ந்த இடத்தில் 1899-இல் கொடைக்கானல் ஆய்வகம் பிறந்தது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் கரும்புள்ளிகளில் வாயு ஆர ஓட்டமாகப் பாய்வதை இங்கேதான் கண்டார். அது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

அந்தக் கண்டுபிடிப்புக்கு ஈடான பெருமை இங்குள்ள தொடர்ச்சிக்கும் உண்டு. வெண்ணொளிப் படங்கள் 1904 முதல் ஒழுங்காக எடுக்கப்பட்டன. 1918-க்குப் பின் அந்த ஒளியியல் அமைப்பில் பெரிய மாற்றம் இல்லை. கால்சியம் கே நிறமாலைக் கோட்டில் எடுத்த படங்களின் வரிசை 2007 வரை நீள்கிறது. கருவியை மாற்றாமல் வைத்திருந்ததால்தான் 1920-ஆம் ஆண்டுப் படத்தையும் 1990-ஆம் ஆண்டுப் படத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட முடிகிறது.

கணினியாக்கம் ஒரே முயற்சியில் முடியவில்லை. கால்சியம் படங்கள் முதலில் 8 பிட் ஆழத்தில், அதாவது 256 ஒளிப்படிகளில், பதிவாயின. பின்னர் 4096×4096 பிக்சல் அளவில், 16 பிட்டில், 65,536 படிகளுடன் மறுபடி எண்ணாக்கப்பட்டன. மூல ஒளிப்படத் தட்டுகளைக் காத்து வைத்திருந்ததால்தான் முதல் பணியின் குறையை இரண்டாம் பணி களைய முடிந்தது. மென்பொருள் மாற்றத்துக்கும் இதே விதி பொருந்தும் என்பதைப் பின்னர் காண்போம்.

2. ஃபோர்ட்ரான், ஐடிஎல், பைத்தான்

வானியலில் முதலில் பரவலாக வழங்கிய கணினிமொழி ஃபோர்ட்ரான். 1977-இல் டேவிட் ஸ்டெர்ன் அமெரிக்காவின் போல்டர் நகரில் தொடங்கிய நிறுவனம் ஐடிஎல் மொழியை விற்றது. ஒரு படத்தையே ஒரே மாறியாகக் கையாள முடிந்ததால் சூரிய இயற்பியலாளர்கள் அதைப் பற்றிக்கொண்டனர். 1991-இல் ஏவப்பட்ட ஜப்பானின் யோக்கோ செயற்கைக்கோளுக்காக எழுதிய நிரல்களிலிருந்து சோலார்சாஃப்ட் என்னும் பெருந்தொகுப்பு வளர்ந்தது. கொடைக்கானல் படங்களைத் திருத்தும் ஆய்வுகளிலும் ஐடிஎல் புழங்கியது.

ஐடிஎல் விலைக்கு வாங்கும் மென்பொருள். அதன் உரிமை கோடக், ஐடிடி, எக்ஸெலிஸ், ஹாரிஸ் எனப் பல கை மாறியது. உரிமக் கட்டணம் கட்ட முடியாத கல்லூரி மாணவர், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கொடைக்கானல் படத்தை இறக்கிக்கொள்ளலாம். அதைத் திருத்தும் நிரலை ஓட்ட முடியாது. கட்டணமில்லாத பைத்தான் பக்கம் காற்று திரும்ப இதுவே முதல் காரணம். 2006-இல் பைத்தானின் எண்கணித நூலகமான நம்பை 1.0 பதிப்பை எட்டியது. 2011-இல் அஸ்ட்ரோபை, சன்பை என்னும் பொதுத் திட்டங்கள் தொடங்கின. புதிய மாணவர்கள் பைத்தான் கற்றே வருவது இரண்டாம் காரணம்.

காவலூர் வானாய்வகம் உட்பட உலகெங்கும் வானாய்வாளர் பயன்படுத்திய ஐராஃப் தொகுப்பு தரும் பாடம் வேறு. 1981-இல் அமெரிக்காவின் கிட் பீக் வானாய்வகத்தில் தொடங்கிய அத்திட்டம் எஸ்பிபி என்ற தனக்கேயான மொழியில் எழுதப்பட்டது. பைராஃப் என்ற பாலம் அதைப் பைத்தானிலிருந்தே இயக்க வழி செய்தது. 2013-இல் தாய் நிறுவனம் மேம்பாட்டை நிறுத்திய பிறகு தன்னார்வலர்களே அதைத் தாங்கி நிற்கின்றனர். உலகில் வேறு யாரும் எழுதாத மொழியில் நிற்கும் மென்பொருளுக்கு ஆள் பஞ்சம் நிச்சயம்.

3. பெயர்க்கும்போது பிழை நுழையும் இடங்கள்

ஐடிஎல் ஒரு படப்புள்ளியைச் சுட்டும்போது கிடை எண்ணை முதலில் சொல்லும். நம்பை நெடு எண்ணை முதலில் சொல்லும். வரிக்கு வரி பெயர்த்தால் படம் மூலைவிட்டத்தில் புரண்டுவிடும். கொடைக்கானல் கோப்பு 4096×4096 என்று சதுரமாக இருப்பதால் கணினி பிழை காட்டாது. சூரியன் வட்டமாக இருப்பதால் கண்ணுக்கும் உறுத்தாது. கரும்புள்ளிகளின் அகலாங்கை 11 ஆண்டுச் சுழற்சி முழுக்க வரைந்து, வண்ணத்துப்பூச்சி வடிவம் வருகிறதா என்று பார்த்தால் குட்டு வெளிப்படும். வடக்கும் தெற்கும் மட்டும் இடம் மாறியிருந்தால் அந்தச் சோதனையும் ஏமாற்றிவிடும். அப்போது தட்டின் ஓரத்தில் இட்ட துருவப் புள்ளிகளையே பார்க்க வேண்டும்.

அடுத்தது எண்கள். ஐடிஎல்லில் முழு எண்ணின் இயல்பு அளவு 16 பிட். 32,767-ஐத் தாண்டினால் மதிப்பு எதிர்மறையாகப் புரளும். அதில் 5-ஐ 2-ஆல் வகுத்தால் விடை 2. பைத்தான் 3-இல் 2.5. பைத்தான் 2-இல் அதே கணக்குக்கு விடை 2-தான். ஆக, புதிய மொழிக்குக் குடிபோனவர்களும் 2020 ஜனவரி 1-இல் பைத்தான் 2-இன் ஆதரவு நின்றபோது இன்னொரு முறை மூட்டை கட்ட நேர்ந்தது.

மூன்றாவது நேரம். கால்சியம் படக்கருவிக்குச் சூரிய ஒளியைத் திருப்பிவிடுவது சிடரோஸ்டாட் என்னும் சுழலும் கண்ணாடி. அதனால் பிம்பம் நாள் முழுக்கத் திரும்பிக்கொண்டே இருக்கும். தட்டில் எழுதிய மணியை வைத்தே வடதிசையைக் கணக்கிட வேண்டும். இந்தியப் பொது நேரம் 1906 ஜனவரி 1-இல் வந்தது. அதற்கு முந்தைய சென்னை நேரம் அதைவிடச் சுமார் 9 நிமிடம் பின்தங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது நாட்டின் கடிகாரங்கள் ஒரு மணி முன்தள்ளப்பட்டன. பைத்தானின் நேர மண்டல நூலகம் இத்திருத்தங்களைத் தானாகவே போட்டுவிடும். பழைய நிரல் அவற்றை ஏற்கெனவே கையால் போட்டிருந்தால் திருத்தம் இருமுறை விழும். தட்டில் இருப்பது எந்தக் கடிகாரம் என்று தெரிந்தவரின் அறிவு, பழைய நிரலில் விளக்கமில்லாத ஒரே வரியாக ஒளிந்திருக்கக்கூடும். முழுக்கப் புதிதாக எழுதுவோர் முதலில் தொலைப்பது அத்தகைய வரிகளைத்தான்.

4. மாறாமல் நின்றது எது?

மொழிகள் வந்து போன இக்காலத்தில் நிலைத்து நிற்பது ஃபிட்ஸ் கோப்பு வடிவம். 1981-இல் வெளியான அதனைச் சர்வதேச வானியல் ஒன்றியம் 1982-இல் ஏற்றது. பழைய கோப்புகளைச் செல்லாதவை ஆக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை விதி. கொடைக்கானல் படங்களும் அவ்வடிவில் கிடைப்பதால் எந்த மொழியும் அவற்றைப் படிக்கும். பழைய மொழியும் முழுதாகச் சாகவில்லை: பைத்தானின் அறிவியல் நூலகங்கள் நேரியல் கணக்குகளுக்கு லாபேக் என்னும் தொகுப்பை நம்புகின்றன, அது ஃபோர்ட்ரானில் எழுதியது. ஐடிஎல் நிரலைப் பெரும்பாலும் மாற்றாமலே ஓட்டும் ஜிடிஎல் என்ற கட்டற்ற மென்பொருளும் உண்டு. உரிமக் கட்டணம் மட்டுமே தடை என்றால் அதையே முதலில் முயன்று பார்க்கலாம்.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து தெளியும் நடைமுறை இது. புதிய ஆய்வைப் பைத்தானில் எழுதலாம். சரியாக ஓடும் பழைய நிரலைப் பாலம் வழியே அழைத்துக்கொள்ளலாம். பெயர்க்கத்தான் வேண்டும் என்றால் கோப்பைப் படித்தல், வரைபடம் போன்ற வெளிப்பகுதிகளில் தொடங்கி, திசைக் கணக்கையும் ஒளித் திருத்தத்தையும் கடைசிக்கு வைக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் வெவ்வேறு பத்தாண்டுகளின் தட்டுகளை இரு நிரல்களிலும் ஓட்டி, விடைகள் எங்கே, ஏன் வேறுபடுகின்றன என்று எழுதி வைக்க வேண்டும். புதிய விடை பழையதைவிடச் சரியாகவே இருக்கலாம். காரணம் பதிவாகாவிட்டால், பின்னால் வரும் ஆய்வாளர் மென்பொருள் உண்டாக்கிய மாற்றத்தைச் சூரியனில் நேர்ந்த மாற்றமாகப் படிப்பார். மூலத் தட்டைக் காப்பது போலவே பழைய நிரலையும் அதன் விடைகளையும் காப்பது ஆய்வகங்களின் கடமை. அந்த ஒப்பீட்டுக்கு ஆளும் காலமும் ஒதுக்க முடியாத திட்டம், மொழியை மாற்றாமல் இருப்பதே மேல்.