கோப்பின் சுருக்கத்தை எழுதுபவர் யார்?

அரசு அலுவலகத்தில் ஒரு மனுவின் மீது முடிவெடுக்கும் உயர் அலுவலர் பெரும்பாலும் அந்த மனுவைப் படிப்பதில்லை. அதன் சுருக்கத்தையே படிக்கிறார். இன்று கோப்புகள் கணினிக்கு மாறிவரும் நிலையில், ஒரு விவகாரத்தின் முழு நிலையையும் ஒரே திரையில் காட்டுவது எப்படி என்று வடிவமைப்பாளர்கள் ஆராய்கிறார்கள். இதைத் தொழில்நுட்பம் தந்த புதிய சிக்கலாகக் கருதுவது பிழை. இந்திய நிருவாகத்தில் இதற்கு இரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி தாளில் நடந்த ஆட்சி. கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய இடங்களிலிருந்து லண்டனுக்குச் சென்ற கடிதங்களில் பத்திகளுக்கு எண் இடப்பட்டது. மறுமொழியும் அவ்வெண்களைச் சுட்டியே எழுதப்பட்டது. மடித்த தாளின் புறத்தே அனுப்பியவர், நாள், பொருள் ஆகியவற்றைச் சில வரிகளில் குறித்தனர். ‘டாக்கெட்’ எனப்பட்ட அக்குறிப்பே நம் முகப்புத் திரையின் மூதாதை. 1823 முதல் 1858 வரை லண்டன் இந்தியா ஹவுஸில் பணியாற்றிய ஜான் ஸ்டூவர்ட் மில், இந்திய நிருவாகம் முழுவதும் எழுத்தில் நடப்பதை நல்லாட்சிக்கான காப்பாக 1852இல் நாடாளுமன்றக் குழுவின் முன் எடுத்துரைத்தார். எனினும் அந்த எழுத்து மேலிடத்திற்கு விடையளிப்பதற்காக உருவானதேயன்றி, ஆளப்பட்டவர்க்கு விடையளிப்பதற்காக அன்று.

1858க்குப் பின் விரிவடைந்த தலைமைச் செயலகத்தில் கோப்பு இரண்டாகப் பிரிந்து நின்றது. மனுக்களும் அறிக்கைகளும் கடிதப் பகுதியில் அடங்கின. அவற்றின் சாரம், முன்னிகழ்வு, விதி, பரிந்துரை ஆகியவை குறிப்புப் பகுதியில் எழுதப்பட்டன. கோப்பு மேலே செல்லச் செல்ல, அலுவலரின் பார்வை குறிப்புப் பகுதியிலேயே தங்கியது. மனுதாரர் நான்கு பக்கங்களில் சொன்னதை எழுத்தர் நான்கு வரிகளில் சொன்னார். அதன்பின் அந்த நான்கு வரிகளே விவகாரமாயின. அதிகாரப் படிநிலையின் அடியில் இருந்தவரின் சொற்றேர்வு, உச்சியில் இருந்தவரின் முடிவுக்கு எல்லை வகுத்தது. 1899இல் வைஸ்ராயாகப் பொறுப்பேற்ற கர்சன், குறிப்புகளின் மிகை நீளத்தைக் கடுமையாகச் சாடி, அவ்வழக்கத்தைச் சுருக்க முயன்றார். அவருடைய கவலை காலதாமதம் பற்றியது. சுருக்கத்தில் விடுபட்டுப்போனவர் பற்றியது அன்று.

விடுதலைக்குப் பிந்தைய மத்தியச் செயலக அலுவலக நடைமுறைக் கையேட்டில் கவனிக்கத்தக்க ஒரு கருவி உண்டு: ‘தொடர் நிகழ்வுச் சுருக்கம்’. ஒரு விவகாரத்தின் உண்மைகளைத் தொகுத்து, புதிய நிகழ்வு நேருந்தோறும் புதுப்பித்து, குறிப்புகளிலிருந்து விலக்கித் தனி உறையில் வைக்க வேண்டும் என்பது அதன் முறை. ஒவ்வொரு அலுவலரும் கதையை முதலிலிருந்து திரும்ப எழுதுவதைத் தவிர்ப்பதே நோக்கம். ஆனால் அதில் ஒரு நுண்மையும் அடங்கியுள்ளது: நடந்தது இது, அதைப்பற்றி நாம் கருதுவது இது என்னும் வேறுபாடு அங்கே பக்கத்தின் அமைப்பிலேயே இடம்பெறுகிறது.

இச்சுருக்கத்தைக் காணும் உரிமை குடிமக்களுக்கு உண்டா என்ற வினா, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தோடு எழுந்தது. கோப்புக் குறிப்புகளும் தகவலே என்று மத்தியத் தகவல் ஆணையம் 2006 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அவற்றை விலக்கச் சட்டத் திருத்தம் கொண்டுவர ஒன்றிய அரசு முனைந்தது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பால் அம்முயற்சி கைவிடப்பட்டது. தம்மைப்பற்றி அலுவலகம் எழுதிய வரிகளைத் தாமே படிக்கும் வாய்ப்பு மக்களுக்கு அவ்வாறுதான் நிலைபெற்றது.

இன்றைய இ-ஆபீஸ் மென்பொருளில் வரைவுக் குறிப்பு மஞ்சளாகவும், உறுதிசெய்த குறிப்பு பச்சையாகவும் தோன்றுகின்றன. பழைய பச்சைக் குறிப்புத்தாள் திரையிலும் வாழ்கிறது. பழைய குறையும் உடன் வாழ்கிறது. மனு வெறும் ஒளிப்படமாக வருடப்பட்டு இணைக்கப்பட்டால், திரைவாசிப்பு மென்பொருளை நம்பியிருக்கும் பார்வையற்ற அலுவலர் அதைப் படிக்க இயலாது. தட்டச்சு செய்யப்பட்ட குறிப்பு மட்டுமே அவருக்கு எட்டும். அதாவது, பிறர் எழுதிய சுருக்கத்தைச் சரிபார்க்கும் வழியே அவருக்கு மறுக்கப்படுகிறது. மின்னணு உள்ளடக்கம் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 கூறுகிறது. அவ்விதியைப் பொதுமக்கள் காணும் இணையதளங்களுக்கு மட்டும் உரியதாக எண்ணிவிடுவது எளிது. அலுவலரின் திரையும் அதில் அடங்கும்.

ஆகவே நல்ல சுருக்கப் பக்கத்தை அழகாலோ விரைவாலோ மட்டும் அளக்க முடியாது. உண்மையும் கருத்தும் அதில் பிரிந்து நிற்கின்றனவா? ஒவ்வொரு கூற்றும் தன் மூலத்தாளைச் சுட்டுகிறதா? அம்மூலத்தை அலுவலர் அனைவரும் படிக்க முடிகிறதா? சுருக்கப்பட்டவர் தம்மை அதில் அடையாளம் காண்பாரா? முதல் மூன்றுக்கும் வடிவமைப்பாளர் விடை காணலாம். நான்காவதற்கு விடை காண, மனுதாரரிடமே அந்தப் பக்கத்தைக் காட்டியாக வேண்டும். கோப்பு முறையின் நீண்ட வரலாற்றில் மிக அரிதாகவே செய்யப்பட்ட காரியம் அதுவே.