அறுந்த கேபிளும் அப்பாவின் யெஸ்டியும்

போன மாதம் மைசூர் ரிங் ரோட்டில் அப்பாவின் யெஸ்டி 250-க்குக் கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டது. ஆனாலும் தள்ளாமல் வீடு வந்து சேர்ந்தேன். எப்படிங்கறீங்களா? கியர் லிவரை மிதித்தாலே கிளட்ச் தானாக விடுபடும். செக்கோஸ்லோவாக்கியா ஜாவாவிடமிருந்து வந்த சீதனம் அது. (கிக்கரும் அதே லிவர்தான். புதுசாக ஏறுபவர்கள் முழிப்பார்கள்!)

வண்டி பிறந்த ஊரிலேயே கேபிள் கிடைக்காதா என்று இறங்கினேன். இங்கே 1961-ல் தொடங்கிய ஐடியல் ஜாவா, 1973-ல் யெஸ்டி என்று பெயர் மாற்றி, 1996-ல் மூடப்பட்டது. அதோடு கம்பெனி சரக்கும் போச்சு. 2022-ல் யெஸ்டி பெயர் திரும்பி வந்தது. அது வேறு எஞ்சின், வேறு வண்டி.

கடையில் வாங்கிய முதல் கேபிள் ஒரே வாரத்தில் நிப்பிளோடு கழன்றது. இரண்டாவதில் உறையே அமுங்கியது. 1896-ல் பவுடன் காப்புரிமை வாங்கிய சங்கதியே அதுதானே: உள்கம்பி இழுபடணும், வெளிச்சுருள் அமுங்கக் கூடாது!

கடைசியில் ஒரு பெரியவர் அறுந்ததையே மாதிரியாக வைத்துச் செய்து கொடுத்தார். உறைக்கு வெளியே கம்பி எவ்வளவு நீள்கிறது என்பதைத்தான் இரண்டு முறை அளந்தார். நிப்பிளுக்குள் கம்பி நுனியைப் பிரஷ் மாதிரி விரித்து, பிறகு ஈயம் ஊற்றினார். விரிக்காவிட்டால் உருவிக்கொண்டு வந்துவிடுமாம்.

அப்பாவிடம் போனில் சொன்னேன். "பழசைத் தூக்கிப் போட்டுடாதே, அடுத்த தடவை அளவுக்கு வேணும்" என்றார். டூல் பாக்ஸில் சுருட்டி வைத்திருக்கிறேன்.