அளவுகோலும் தலைக்கோலும்

பினாங்குத் தீவின் கிழக்குக் கரையில் அமைந்தது ஜெலுத்தோங். மரமொன்றின் பெயரையே தன் பெயராகக் கொண்ட இவ்வட்டாரத்தின் கடலோரத்தில் நின்றால், நீரிணைக்கு அப்பால் பட்டர்வொர்த் தெரியும். வடக்கே சிறிது தொலைவில் ஜோர்ஜ் டவுன் நகரம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நகரின் இரவுக்கு இரண்டு முகங்கள் இருந்தன. கடலை நோக்கிய ஈஸ்டர்ன் அண்டு ஓரியண்டல் ஹோட்டலில் வெள்ளையரும் செல்வரும் ஆடினர். நியூ வோர்ல்டு, வெம்பிளி முதலிய கேளிக்கைப் பூங்காக்களில் எளிய மக்கள் கூடினர். இடம் வேறு, உடை வேறு. ஆனால் மேலை நாட்டு இணைநடனம் ஈரிடத்தையும் எட்டியிருந்தது.

'பால்ரூம்' எனப்படும் இந்நடனத்தில் போட்டி என்று வந்துவிட்டால், அனைவர் கண்களும் ஆடுவோர் மீதே படியும். தளத்தின் ஓரத்தில் தாளும் எழுதுகோலும் ஏந்தி நிற்கும் நடுவர்களை எவரும் உற்று நோக்குவதில்லை. ஆயினும் ஆடியவரின் பல்லாண்டு உழைப்பு அவர்கள் இடும் சில எண்களில் அடங்கிவிடுகிறது. அந்நடுவர்கள் யார்? அளக்கும் உரிமையை அவர்களுக்கு அளித்தது எது? இவ்வினாக்களுக்கு விடை தேடுவது, நடனத்தின் வரலாற்றை மற்றொரு வாயில் வழியே நுழைந்து காண்பதாகும்.

முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் இலண்டன் நடனக் கூடங்களில் பெருங்குழப்பம் நிலவியது. அமெரிக்காவிலிருந்து புதிய இசை வந்தது. அதற்கு ஏற்றவாறு ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி ஆடினர். ஆசிரியருக்கு ஆசிரியர் அடவு மாறுபட்டது. இந்நிலையில், 'டான்சிங் டைம்ஸ்' இதழின் ஆசிரியரான பிலிப் ரிச்சர்ட்சன் 1920 மே மாதம் நடன ஆசிரியர்களை ஓரிடத்தில் கூட்டினார். எவை ஏற்கத்தக்க அடவுகள், எவை விலக்கத்தக்கவை என அவர்கள் விவாதித்தனர். அதே ஆண்டில்தான் பிளாக்பூல் நகரில், பின்னர் உலகப் புகழ் பெற்ற நடன விழா தொடங்கியது.

1922இல் உலகப் போட்டியில் வென்றவர் விக்டர் சில்வெஸ்டர். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1924இல், இம்பீரியல் நடன ஆசிரியர் கழகம் பால்ரூம் நடனத்துக்கெனத் தனிப்பிரிவு ஒன்றை அமைத்தபோது, நெறிமுறை வகுத்த குழுவில் அவரும் ஜோசபின் பிராட்லி முதலியோரும் இடம்பெற்றனர். வால்ட்ஸ், ஃபாக்ஸ்டிராட், டாங்கோ ஆகியவற்றின் அடவுகளும் தாள வேகமும் வரையறை பெறலாயின. நேற்று அளக்கப்பட்டவரே இன்று அளவுகோலை வகுத்தார் என்பது மனங்கொளத்தக்கது. பொதுவான அளவு ஏற்பட்ட பின்னரே நடுவர் என்னும் பதவிக்கும் பொருள் ஏற்பட்டது. அதற்கு முன் அளித்த தீர்ப்பெல்லாம் தனிமனிதச் சுவையின் தீர்ப்பே எனலாம்.

இவ்வளவுகோல் ஆங்கிலேயர் ஆட்சியுடன் கப்பலேறி மலாயா வந்தது. சிங்கப்பூரில் 1923இல் நியூ வோர்ல்டும், 1931இல் கிரேட் வோர்ல்டும், அதன்பின் ஹேப்பி வோர்ல்டும் தோன்றின. ஏனைய நகரங்களிலும் இவற்றையொத்த பூங்காக்கள் எழுந்தன. அங்கே சீட்டு வாங்கியவருடன் ஒரு பாட்டுக்கு இணைந்து ஆடும் பெண்கள் இருந்தனர். சமுதாயம் அவர்களை இழிவாகவே நோக்கியது. ஆயினும் இரவுதோறும் ஆடி ஆடி, வால்ட்ஸின் சுழற்சியையும் டாங்கோவின் நிறுத்தத்தையும் தம் கால்களில் பதித்துக்கொண்டவர்களும் அவர்களே.

அவர்களுள் ஒருவர் ரோஸ் சான். 1925இல் சீனாவின் சூசோ நகரில் பிறந்து, சிறுவயதிலேயே கோலாலம்பூருக்கு வந்தவர். வறுமை அவரை நடனக் கூடத்திற்கு அழைத்துச் சென்றது. பின்னாளில் மேடைக் கேளிக்கையால் புகழையும் பழியையும் ஒருசேர ஈட்டிய அவர், 1987இல் பட்டர்வொர்த்தில் மறைந்தார். அவரைப் பற்றிப் பேசுவோர் பலரும் மறந்துவிடும் செய்தி ஒன்றுண்டு. 1949இல் பெண்களுக்கென நடந்த பால்ரூம் நடனப் போட்டியில் அவர் இரண்டாம் இடம் பெற்றார். ஊரார் அவரை ஒரு கண்ணால் பார்த்தனர். நடுவர்களோ அவர் கால்களைப் பார்த்தனர். பிறப்பையும் பிழைப்பையும் கேளாது, ஆடலை மட்டுமே அளக்கும் நடுவர் ஒருவர் கிடைப்பது எளியோருக்கு எத்தகைய பேறு என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

நடுவரும் மனிதர்தாமே! அவருக்கும் விருப்பு வெறுப்பு உண்டு. அதனைக் கட்டுப்படுத்தவே 1937 முதல் பிரிட்டனில் 'ஸ்கேட்டிங்' எனப்படும் கணக்கீட்டு முறை கையாளப்பட்டது. தொடக்கச் சுற்றுகளில், மீண்டும் காண விரும்பும் இணைகளை மட்டும் நடுவர் குறித்துக் கொடுப்பார். இறுதிச் சுற்றில் ஒவ்வோர் இணைக்கும் இடம் வழங்குவார். நடுவர்கள் தமக்குள் கலந்து பேசுவதில்லை. அவர்கள் தரும் தாள்களைத் தொகுப்பவர் வேறொருவர்.

எடுத்துக்காட்டாக, ஐந்து நடுவர் அமர்ந்த போட்டி ஒன்றைக் கருதுவோம். ஓர் இணைக்கு மூவர் முதலிடமும் இருவர் ஐந்தாம் இடமும் தந்தனர். மற்றோர் இணைக்கு மூவர் இரண்டாம் இடமும் இருவர் முதலிடமும் தந்தனர். எண்களைக் கூட்டினால் முன்னதற்குப் 13, பின்னதற்கு 8. கூட்டுத்தொகை குறைந்தவரே சிறந்தவர் என்றால் இரண்டாவது இணை வென்றிருக்கும். ஆனால் இம்முறையில் பெரும்பான்மை நடுவர் முதலிடம் தந்த இணையே வெல்லும். ஒருவரது வெறுப்பு ஓர் இணையை வீழ்த்தவோ, ஒருவரது பரிவு ஓர் இணையை உயர்த்தவோ இயலாதபடி அமைக்கப்பட்ட வேலி இது.

இவ்வேலியை மேலை நாட்டார் மட்டுமே கண்டனர் என்று எண்ண வேண்டுவதில்லை. பரத முனிவருடையதாகக் கூறப்படும் நாட்டிய சாத்திரம், ஆடல் அரங்கின் நடுவர்களைப் பற்றி விரிவாகவே பேசுகிறது. வேள்வி அறிந்தவர், ஆடல் வல்லார், யாப்பறிஞர், இலக்கண வல்லுநர், அரசர், வில்லாளர், ஓவியர், கணிகை, இசைவாணர், அரச அலுவலர் எனப் பதின்மரை அது வரிசைப்படுத்துகிறது. வில்லேந்தி நிற்கும் நிலை சரிதானா என்பதை வில்லாளர் நோக்குவார். சொல் பிழையற்றதா என்பதை இலக்கண வல்லுநர் நோக்குவார். தாம் அறிந்ததை மட்டுமே ஒருவர் அளக்க வேண்டும் என்பது அதன் கருத்து. நிறைகுறைகளை எழுதவும் எண்ணவும் தனித்தனியே ஆள் வேண்டும் என்றும் அந்நூல் விதிக்கிறது. அளப்பவர் வேறு, கணக்கிடுபவர் வேறு என்னும் நெறி அத்துணைப் பழமையானது.

தமிழரின் சிலப்பதிகாரமும் இதற்கு இணையான காட்சியைத் தருகிறது. ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டுகள் பயின்ற மாதவி, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் அரங்கேறினாள். அவள் ஆடுவதற்கு முன், ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளை இளங்கோவடிகள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைக்கிறார். அரங்கும் அளக்கப்படுகிறது: இருபத்து நான்கு விரல் கொண்ட கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். அதன் பின்னரே தலைக்கோல் பட்டமும் 1,008 கழஞ்சுப் பொன்னும் அவளுக்குக் கிடைத்தன. அளவுகோல் முதலில் வந்தது. தலைக்கோல் பின்னர் வந்தது. இவ்வரிசையில் ஓர் அறம் பொதிந்துள்ளது.

அவ்வறம் தவறினால் என்ன நேரும் என்பதை அண்மைக் கால வரலாறு காட்டியது. 2002இல் அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், பனித்தளத்தில் இணையாக ஆடும் போட்டியில் ரஷ்ய இணைக்குத் தங்கமும் கனடிய இணைக்கு வெள்ளியும் வழங்கப்பட்டன. தமக்கு நெருக்குதல் தரப்பட்டது என்று பிரெஞ்சு நடுவர் கூறியதாகச் செய்தி வெளிவந்ததும் பெரும் சர்ச்சை மூண்டது. இறுதியில் கனடிய இணைக்கும் தங்கம் அளிக்கப்பட்டது. பழைய மதிப்பெண் முறை கைவிடப்பட்டது. நெருக்குதலைத் தவிர்க்க எண்ணி, எந்த மதிப்பெண்ணை எந்த நடுவர் இட்டார் என்பதையே மறைத்து வைத்தனர். ஆனால் மறைவு ஐயத்தை வளர்த்ததேயன்றித் தணிக்கவில்லை. 2016இல் அம்மறைப்பும் நீக்கப்பட்டது. நடுவரை ஒளித்துவைப்பதால் நடுவுநிலைமை பிறப்பதில்லை. அவர் வெளிப்பட நிற்கும்போதே அது காக்கப்படுகிறது.

நடுவரை அறிதல் என்பதற்கு இரு பொருள் உண்டு. அவரோடு உறவு கொண்டாடிச் சலுகை பெறுவது ஒன்று. அவர் எதனை அளக்கிறார், எவ்வாறு அளக்கிறார் என்பதைக் கற்றுத் தன்னைச் செம்மைப்படுத்திக்கொள்வது மற்றொன்று. முன்னது கலையைக் கெடுக்கும். பின்னது கலைஞனை வளர்க்கும்.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஜெலுத்தோங்குக்கு அண்மையில் 1929இல் பிறந்தவர் பி. ரம்லி. போர் முடிந்த பின், பினாங்கு வானொலியின் பாட்டுப் போட்டிகளில் அவர் கலந்துகொண்டார். 1945இல் அவருக்கு முதலிடம் கிடைக்கவில்லை. 1946இல் இரண்டாம் இடம். 1947இல் வட மலாயாவின் சிறந்த பாடகர் என்னும் சிறப்பு. அது ஆடல் அரங்கன்று, பாடல் அரங்கே. எனினும் முதலிடம் பெறாத இளைஞர் நடுவரைப் பழித்து ஒதுங்கிவிடவில்லை. மறு ஆண்டும் அதே அளவுகோலின் முன் வந்து நின்றார். அளப்பவர் நேர்மையாய் இருப்பதும், அளக்கப்படுபவர் தளராது திரும்பி வருவதும் சேர்ந்தபோது, மலாய்க் கலையுலகுக்கு ஒரு மாகலைஞர் கிடைத்தார்.