வெள்ளைப் பொடியாகிய பொன்

நகையை உரைகல்லில் உரைத்து, விழுந்த கோட்டின்மேல் நைத்திரிக்கமிலம் ஒரு துளி விடுவது தட்டாரின் சோதனை. செம்பு மிகுந்த கோடு கரைந்து மங்கிவிடும். நல்ல பொன் அப்படியே நிற்கும். இப்படி எதற்கும் அசையாதிருப்பதால்தான் அது தாலிக்கும் காப்புக்கும் உகந்ததாயிற்று. மருந்தாவதற்கோ அந்தக் குணமே தடை. விழுங்கிய உலோகப் பொன் பெரும்பாலும் எதனோடும் தாக்கமுறாமல் வெளியேறிவிடும். மருந்துக்கு வேண்டியது பொன்னின் சேர்வை.

நைத்திரிக்கமிலத்தோடு ஐதரோகுளோரிக்கமிலத்தையும் கலந்தால் கிடைக்கும் இராச திராவகத்துக்குப் பொன் பணியும். அந்தக் கரைசலிலிருந்து தொடங்கி, பொன்னணுவின் ஒருபுறம் கந்தகமுள்ள மூலக்கூறையும் மறுபுறம் பொசுபரசுள்ள மூலக்கூறையும் பிணைத்தால் அவுரானோபின் என்ற மருந்து உருவாகும். நிறையில் ஏறத்தாழ 29 வீதம் பொன்; கண்ணுக்கோ வெறும் வெள்ளைப் பொடி!

புற்றுநோய் மருந்தாக இன்று ஆராயப்படும் அவுரானோபின் அதற்கென்று பிறந்ததல்ல. பொன் சயனைட்டு காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைத் தடுப்பதை 1890இல் றொபேட் கொக் சோதனைக்குழாயில் கண்டார். 1929இல் பிரான்சின் ஜாக் பொறெஸ்ரியே பொன் உப்பை மூட்டுவாதத்துக்குப் பயன்படுத்தினார். அதே நோய்க்கு வாயால் உட்கொள்ளும் மருந்தாக அவுரானோபினை 1985இல் அமெரிக்கா அங்கீகரித்தது. அக்காலத்திலேயே எலிகளின் ஒருவகை இரத்தப் புற்றுநோயில் அது பயன் தந்தது. வேறு பல கட்டிகளிலோ பலன் சொற்பம்.

புற்றுநோயில் பிளாற்றினத்தின் வெற்றிதான் வேதியியலாளரை உலோகங்களின் பக்கம் திருப்பியது. 1965இல் பானற் றோசன்பேர்க் தற்செயலாகக் கண்ட வழியில் வந்த பிளாற்றினச் சேர்வையான சிஸ்பிளாட்டின், 1978 முதல் பல உயிர்களைக் காத்துவருகிறது. ஆனால் அது சிறுநீரகத்தையும் செவியையும் நரம்பையும் தாக்கும். நாளடைவில் புற்றுக்கலங்கள் அதற்குப் பழகியும் விடும். அது பற்றுவது கலத்தின் மரபுப்பொருளை. பொன்னின் முதன்மை இலக்கு வேறு: தயோரெடொக்சின் ரிடக்டேசு என்ற நொதியம். அந்த நொதியத்தின் தொழிற்படும் இடத்தில் செலெனியம் இருக்கிறது. பொன்னுக்கு அதன்மேல் தீராத நாட்டம். வேகமாகப் பெருகும் புற்றுக்கலம் தனக்குள் சேரும் ஒட்சியேற்ற நஞ்சைச் சமாளிக்க இந்த நொதியத்தையே பெரிதும் நம்பியிருக்கிறது. அது முடங்கினால் கலம் மடியும்.

சிக்கலும் இங்கேதான். செலெனியத்தைப் போலவே கந்தகத்தையும் பொன் விடாது பற்றும். நம் இரத்தத்து அல்புமினிலோ கந்தகம் உண்டு. இலக்கைப் போய்ச் சேருமுன்னரே மருந்து வழியில் சிக்கிக்கொள்கிறது. பொன்னோடு எதைப் பிணைத்து அனுப்பினால் அது இலக்குவரை தாங்கும் என்பதே இன்றைய ஆய்வின் உயிர்நாடி. இந்தியாவில் பிறந்த சுரேஷ் பார்கவாவும் அவருடைய குழுவினரும் மெல்பேணின் ஆர்.எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் ஆக்கிய பொற்சேர்வையொன்று, எலிகளில் கருப்பைக்கழுத்துக் கட்டியின் வளர்ச்சியை 82 வீதம் குறைத்ததென 2025இல் செய்தி வந்தது. சிஸ்பிளாட்டின் குறைத்தது 29 வீதமே. நல்ல செய்திதான். ஆயினும் எலியில் வென்று மனிதரில் தோற்ற மருந்துகள் ஏராளம்.

இந்த ஆய்வுகளைக் காட்டித் தங்க பற்பம் விற்பவர்களும் இருக்கிறார்கள். பற்பத்தில் இருப்பது பெரும்பாலும் உலோகப் பொன்னின் நுண்துகள் என்றே சோதனைகள் காட்டுகின்றன. மேலே சொன்ன சேர்வைகளோடு அதற்கு உறவில்லை. பொன்மருந்து வருமென்று சிகிச்சையைத் தள்ளிப்போடுவது பெரும்பிழை.

இந்த எச்சரிக்கை நமக்கும் உரியது: புகையிலை விளைந்த மண் நமது யாழ்ப்பாணத் தீவகம். வெற்றிலையோடு அதையும் சேர்த்து மெல்லும் வழக்கம் நாரந்தனையிலும் அயலூர்களிலும் இன்னும் விட்டபாடில்லை. இலங்கை ஆண்களிடம் முதலிடத்தில் நிற்பதும் வாய்ப் புற்றுநோய்தான். தொடக்கத்தில் கண்டால் சத்திரசிகிச்சையாலும் கதிர்ச்சிகிச்சையாலும் அதைக் குணப்படுத்தலாம். 2011இல் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்து மக்கள் திரட்டிய பணத்தில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை தெல்லிப்பழையில் இருக்கிறது. வாய்ப்புண்ணோ வெண்படலமோ இரண்டு கிழமைக்கு மேல் ஆறாவிட்டால், ஊர்காவற்றுறை வைத்தியசாலையில் உடனே காட்டுங்கள்.